பிரான்சில் பழைய கார் விற்பனை
பிரான்சில் பணமும் சாவியும் கைமாறினால் மட்டும் கார் விற்பனை முடிந்துவிடாது. நான்கு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காரைத் தனியாருக்கு விற்க, ஆறு மாதத்துக்கு உட்பட்ட தொழில்நுட்பப் பரிசோதனைச் சான்று வேண்டும். வண்டி மீது அடமானமோ தடையோ இல்லை என்னும் சான்றும் தேவை; அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

'கார்ட் கிரீஸ்' எனப்படும் பதிவுச் சான்றின் குறுக்கே கோடிட்டு, விற்ற நாளையும் மணியையும் எழுதி விற்பவர் கையொப்பமிடுவார். மணி எதற்கு? வாங்கியவர் அன்று மாலையே வேகக் கேமராவில் சிக்கினால், அபராதக் கடிதம் பதிவில் உள்ள பழைய உரிமையாளருக்கே வரும். அப்போது அவருக்குத் துணை அந்த மணிக்குறிப்புதான்.

விற்பனையை 15 நாட்களுக்குள் அரசுக்கு அறிவிப்பதும் விற்பவர் பொறுப்பே. முன்பு இதற்கு அலுவலகத்தில் வரிசையில் நின்றார்கள். 2017 முதல் இணையவழிதான். வாங்குபவர் தம் பெயருக்கு மாற்ற ஒரு மாதம் அவகாசம் உண்டு.