சுவருக்கும் சுவாசம் வேண்டும்

அரசலாறு கடலோடு சங்கமிக்கும் காரைக்காலில், உப்புக் காற்றும் நிலத்தடி ஈரமும் வீட்டுச் சுவர்களுக்கு நித்திய சத்துருக்கள். 1739-இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954-இல் இந்திய நிர்வாகத்தின்கீழ் வந்த இப்பிரதேசத்தின் பழைய இல்லங்கள் அவற்றைத் தாங்கி நிற்பதற்குப் பிரதான காரணம், அக்காலக் கொத்தனார்கள் பூசிய சுண்ணாம்புச் சாந்தே ஆகும்.

கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, நீர் விட்டு நீற்றி, மணலுடன் அரைத்து, கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துப் பக்குவப்படுத்திய அச்சாந்து, காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்லக் கிரகித்துச் சுண்ணாம்புக் கல்லாகவே இறுகுகிறது. இறுகிய பின்னும் நுண்துளைகள் வழியே ஈரத்தை வெளியேற்றுகிறது. பழஞ்சுவரின்மேல் சிமெண்டு பூசினாலோ, வெளியேற வழியற்ற ஈரமும் உப்பும் உள்ளே தேங்கிச் செங்கல்லையே அரித்துப் பொடியாக்கிவிடும். ஆகவே, பூர்வீக வீட்டைப் புதுப்பிக்க எண்ணுவோர், சிமெண்டு மூட்டையை வாங்குமுன், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிச் செல்வார்களாக.