ஊர் அமைதியும் நம் பேச்சுரிமையும்: சட்டம் வரைந்த எல்லை எது?

சித்தையன்கோட்டை போன்றதொரு சிற்றூரில், ஏப்ரல் 14 அன்று அண்ணல் அம்பேத்கரின் படத்துடன் இளைஞர்கள் ஒரு பதாகை வைக்கிறார்கள் என்று கொள்வோம். மறுநாளே, “வாசகத்தை நீக்குங்கள், சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரும்” என்று எச்சரிக்கப்படுகிறார்கள். பிரச்சினை செய்யப்போவது யார் என்று எவரும் கேட்பதில்லை. பதாகைக்கு உள்ளாட்சியின் அனுமதி பெறுவது வேறு. அதிலுள்ள கருத்தை அழிக்கச் சொல்வது வேறு. இரண்டாவதற்கு அரசியலமைப்பு கடுமையான நிபந்தனைகளை விதித்திருக்கிறது.

உரிமையும் வரம்பும்

உறுப்பு 19(1)(ஏ) பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் குடிமக்கள் அனைவருக்கும் வழங்குகிறது. உறுப்பு 19(2) அதற்கு வரம்பிடுகிறது. 1950இல் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழுக்கு மெட்ராஸ் அரசு விதித்த தடையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அன்றைய 19(2)இல் ‘பொது ஒழுங்கு’ என்ற காரணமே இல்லை. 1951இல் முதல் திருத்தம் அதைச் சேர்த்தது. கட்டுப்பாடு ‘நியாயமானதாக’ இருக்க வேண்டும் என்ற சொல்லையும் சேர்த்தது. அப்போது சட்ட அமைச்சராக இருந்த அம்பேத்கர் அத்திருத்தத்தை ஆதரித்து நாடாளுமன்றத்தில் வாதிட்டார். நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாட்டு நல்லுறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்திற்குத் தூண்டுதல் ஆகிய எட்டும்தான் இன்றுள்ள காரணங்கள். ‘ஊர்ப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை’ என்பது இப்பட்டியலில் இல்லை.

நமக்கு எதிரான படம், நமக்கு உதவும் தீர்ப்பு

‘ஒரே ஒரு கிராமத்திலே’ திரைப்படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டை விமர்சித்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதன் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. படம் ஓடினால் வன்முறை வெடிக்கும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. ஆபத்து தொலைதூர ஊகமாக இருக்கக் கூடாது, வெடிமருந்தில் விழும் பொறிபோல் நேரடித் தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். மிரட்டலுக்கு அஞ்சிக் கருத்தை ஒடுக்குவது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும் என்றும் கூறியது.

அப்படத்தின் கருத்து நமக்கு உடன்பாடானதல்ல. ஆனால் ஆதிக்கசாதியினர் கலவரம் செய்வார்கள் என்று காரணம் காட்டி நம் கூட்டத்தைத் தடுக்கும்போது, நாம் எடுத்துக்காட்ட வேண்டிய தீர்ப்பு இதுவே. எதிர்க்கருத்தைக் காத்த நெறிதான் நம் கருத்தையும் காக்கும்.

‘சமாதானக் கூட்டம்’

எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவலை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது, 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் நடத்திய பேச்சுவார்த்தையில் அவரிடம் எழுதி வாங்கப்பட்டது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த உடன்பாடு அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. தேர்த்திருவிழா முதல் சிலை வைப்பது வரை சமாதானக் கூட்டங்களில் கையெழுத்திடப் பணிக்கப்படும் தலித் மக்களுக்கு இத்தீர்ப்பு தெரிந்திருக்க வேண்டும்.

சாதி வசவு கருத்துரிமை ஆகாது

பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் பிரிவு 3(1)(ஆர்), பொதுப்பார்வையில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பதைக் குற்றமாக்குகிறது; 3(1)(எஸ்) சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதை; 3(1)(யு) எழுத்தாலோ பேச்சாலோ பகைமையைத் தூண்டுவதை; 3(1)(வி) நாம் போற்றும் மறைந்த தலைவர்களை இழிவுபடுத்துவதை. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை.

இச்சட்டத்திற்கும் எல்லை உண்டு. நான்கு சுவர்களுக்குள், சாட்சிகள் எவருமின்றி நடந்த அவமதிப்பு ‘பொதுப்பார்வை’ ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் கூறியது. அவமதிப்பு சாதியைக் காரணமாகக் கொண்டதாக இருக்க வேண்டும் என்று 2024இல் வலியுறுத்தியது. எனவே சொல்லப்பட்ட வார்த்தை, இடம், கேட்டவர்கள் ஆகிய மூன்றையும் புகாரில் தெளிவாகப் பதிய வேண்டும்.

பிரிவு 18ஏ-யின்படி முதல் தகவல் அறிக்கை பதியப் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. மறுபுறம், ஒருவரின் பேச்சுக்காக வழக்குப் பதியும் முன், மூன்று முதல் ஏழு ஆண்டுக்குட்பட்ட தண்டனைக் குற்றங்களில் பூர்வாங்க விசாரணை நடத்துவதே முறை என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியுள்ளது.

நம் பேச்சைத் தடுக்கும் அதிகாரியிடம் இனி ஒன்றைக் கேட்போம்: எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எந்தக் காரணம்? எழுத்தில் கேட்போம். வாய்மொழி உத்தரவை நீதிமன்றத்தில் எதிர்ப்பது கடினம். எழுத்தில் வந்தால் அதன் காரணத்தை 19(2)இன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.