கனடா படிப்பு அனுமதி: விண்ணப்பக் கணக்கு உங்கள் கையில் இருக்கட்டும்

கனடாவில் படிப்பை முடித்து வேலையிலும் அமர்ந்திருந்த இந்திய மாணவர்கள் பலர், 2023-இல் நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்து நின்றார்கள். பெரும்பாலானோர் பஞ்சாபிகள். முதலில் அவர்கள் காட்டிய கல்லூரிச் சேர்க்கைக் கடிதமே போலி என்பது, நிரந்தர வசிப்புரிமை கேட்டு விண்ணப்பித்தபோதுதான் பலருக்குத் தெரியவந்தது. கடிதம் ஏற்பாடு செய்த ஜலந்தர் ஏஜென்ட், அவர்கள் கனடாவில் போய் இறங்கியதும் “அந்தக் கல்லூரியில் சீட் இல்லை, வேறொன்றில் சேர்ந்துகொள்ளுங்கள்” என்று சொல்லியிருந்தார். போராட்டம் நடத்திய பிறகே, உண்மையாகப் படிக்க வந்தவர்களைக் காப்பாற்ற கனடா அரசு முன்வந்தது.

இப்போது சேர்க்கைக் கடிதத்தைக் குடிவரவுத் துறை கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்த நடைமுறை. ஆனால் சிக்கல் வருவது கடிதத்தால் மட்டுமல்ல. கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி, விண்ணப்பத்தில் பொய் இருந்தாலும், முக்கியமான ஒன்றை மறைத்திருந்தாலும் 5 ஆண்டுகளுக்கு அந்த நாட்டுக்குள் நுழைய முடியாது. ‘கன்சல்டன்சிக்காரர்தான் நிரப்பினார்’ என்பது பெரும்பாலும் எடுபடுவதில்லை. நம் பிள்ளைகள் அதிகம் சிக்குவது இரண்டு இடங்களில். ஒன்று, முன்பு அமெரிக்காவோ பிரிட்டனோ விசா மறுத்திருந்தால் அதை எழுதாமல் விடுவது. படிவம் எந்த நாட்டு மறுப்பையும் கேட்கிறது. இன்னொன்று, கடன் வாங்கிய பணத்தைச் சில வாரங்கள் வங்கியில் போட்டுத் தன் சேமிப்பாகக் காட்டுவது. கியூபெக் தவிர்த்த இடங்களில், முதல் ஆண்டுக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் போக, தனி மாணவர் ஒருவர் 22,895 கனடா டாலர் காட்ட வேண்டும் என்பது 2025 செப்டம்பர் 1 முதல் உள்ள விதி. இந்தத் தொகையைத் திரட்டுவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரும் பாரம். வங்கிக் கல்விக் கடனை மறைக்க வேண்டியதில்லை, அதுவே ஏற்கத்தக்க சான்று.

விண்ணப்பக் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் தொடங்குங்கள். பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, ஒரு நகல் எடுத்து வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் 150 கனடா டாலர், கைரேகைக்கு 85. அதற்கு மேல் ஏஜென்ட் கேட்கும் பணம் எதற்கென்று கேட்டு, ரசீதும் வாங்குங்கள். பணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பாக விண்ணப்பிக்க, கனடாவில் உரிமம் பெற்ற வழக்கறிஞர், குடிவரவு ஆலோசகர் போன்றோருக்கே அனுமதி. டொராண்டோவில் இருக்கும் சித்தப்பா காசு வாங்காமல் உதவலாம், ஆனால் அவர் உங்கள் பிரதிநிதியாக விண்ணப்பத்தைக் கையாண்டால் அதற்குரிய படிவத்தில் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும்.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஏஜென்டுகள் பலருக்குக் கல்லூரியே கமிஷன் தருகிறது. அவர்கள் எதைத் தூக்கிப் பேசுகிறார்கள் என்பதை அதை வைத்துப் பாருங்கள். அனுமதி பெற்ற எல்லாக் கல்லூரிகளின் படிப்பும், முடித்தபின் வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. பணம் கட்டும் முன் குடிவரவுத் துறையின் பட்டியலில் அந்தப் படிப்பையே தேடிப் பாருங்கள். பெரும்பாலான மாணவர்களுக்கு மாகாண அரசின் சான்றுக் கடிதமும் தேவை. அரசுக் கல்வி நிறுவனங்களில் முதுகலை, முனைவர் பட்டப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு 2026 ஜனவரி முதல் அது வேண்டாம்.

மறுப்பு வந்தால், அதே காகிதங்களோடு மறுநாளே திரும்ப விண்ணப்பிக்காதீர்கள். ‘படிப்பு முடிந்ததும் நாடு திரும்புவார் என்று நம்பிக்கை இல்லை’ என்ற பொதுவான வரியிலிருந்து எதைத் திருத்துவது என்று புரியாது. அதிகாரி எழுதிய குறிப்பைப் படியுங்கள்; மறுப்புக் கடிதத்தோடு அது வராவிட்டால் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீடு கிடையாது, ஆனால் முடிவு நியாயமற்றது என்றால் கனடாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிப் புனராய்வு கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்குக் கெடு 60 நாள். நீதிமன்றம் விசா தராது. வழக்கில் வென்றால் கோப்பு வேறொரு அதிகாரிக்குப் போகும்.

இந்தியாவில் ஏஜென்ட் ஏமாற்றினால் இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. மோசடி என்றால் காவல் நிலையம். வாக்களித்த சேவை கிடைக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழித்துவிடாதீர்கள்.