புரோமோ எரிமலைக்குப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்!

பள்ளி விடுமுறையில் கிழக்கு ஜாவாவுக்குச் செல்லும் நம் நாட்டவர் விரும்பிப் பார்க்கும் இடம் புரோமோ தெங்கர் செமேரு தேசியப் பூங்கா. விடியற்காலையில் ஜீப்பில் மணல்வெளியைக் கடந்து, ஏறத்தாழ 250 படிகள் ஏறினால், 2,329 மீட்டர் உயரமுள்ள புரோமோ எரிமலையின் வாய் விளிம்பிலேயே நிற்கலாம். உள்ளிருந்து வெண்புகை எழும். கந்தக நெடி மூக்கைத் துளைக்கும். அந்த இடத்தில் நிற்பதற்கு முன், நம் காலடியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வோமா?

பள்ளத்துக்குள் மலை

நீங்கள் கடக்கும் மணல்வெளி கடற்கரை மணல் அன்று. அது எரிமலைச் சாம்பலும் பாறைத் துகளும் படிந்த தரை. பழங்காலத்தில் இங்கே இருந்த பெரிய எரிமலை வெடித்தபோது, அடியிலிருந்த பாறைக்குழம்பு வெளியேறியது. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாததால் மேற்பகுதி இடிந்து உள்ளே விழுந்தது. அப்படி உருவான பெரும்பள்ளத்தைக் 'கல்டேரா' என்கிறோம். அதன் தரையில் பிற்காலத்தில் முளைத்த சிறு எரிமலைகளே புரோமோவும் அருகிலுள்ள பாத்தோக்கும்.

ஜாவாவில் ஏன்? நம்மிடம் ஏன் இல்லை?

ஜாவாவுக்குத் தெற்கே கடலடிப் புவித்தட்டு ஒன்று, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் தீவின் அடியில் நுழைகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஆழத்தில், அந்தத் தட்டின் கனிமங்களில் சிக்கியிருந்த நீர் வெளியேறுகிறது. பனிக்கட்டி மீது உப்பைத் தூவினால் அதன் உருகுநிலை குறையும் அல்லவா? அதுபோல, இந்த நீர் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறை உருகி மேலெழுகிறது. தீபகற்ப மலேசியா இந்தத் தட்டு எல்லையிலிருந்து வெகுதூரம் விலகி இருப்பதால், இங்கே செயல்படும் எரிமலை இல்லை.

அந்த வெண்புகை எது?

அதில் பெரும்பகுதி நீராவி. அதோடு கரிவளியும் சல்பர் டையாக்சைடும் கலந்திருக்கும். சல்பர் டையாக்சைடு நம் கண், மூக்கு, தொண்டையிலுள்ள ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. எரிச்சலுக்குக் காரணம் அதுதான். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது ஆபத்தானது. கரிவளிக்கு மணமில்லை, காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான குழிகளில் தேங்கும். சாதாரண முகக்கவரி சாம்பலை ஓரளவு தடுக்கும், வாயுக்களைத் தடுக்காது.

சொல்லாமல் வரும் வெடிப்பு

பாறைக்குழம்பு மேலெழும்போது நிலம் அதிரும், மலை சற்று உப்பும். கருவிகள் அதைக் கண்டறிந்து எச்சரிக்கும். ஆனால் நிலத்தடி நீர் திடீரென ஆவியானால்? நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 1,700 மடங்கு பெருகும். அடைபட்ட ஆவி பாறையைப் பிளந்துகொண்டு வெடிக்கும். இத்தகைய வெடிப்புக்கு முன்னறிகுறி மிகக் குறைவு. 2004 ஜூனில் புரோமோ திடீரென வெடித்தபோது, பறந்து வந்த கற்களால் இருவர் உயிரிழந்தனர்.

இந்தோனேசியாவில் எரிமலை எச்சரிக்கைக்கு நான்கு நிலைகள் உண்டு. முதல் நிலை இயல்பு. நான்காம் நிலை பேராபத்து. இரண்டாம் நிலை என்றால் 'கவலையில்லை' என்று பொருள் அன்று. 2023 டிசம்பரில் மேற்குச் சுமத்திராவின் மாராப்பி எரிமலை இரண்டாம் நிலையில்தான் இருந்தது. வாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் செல்ல வேண்டாம் என்ற அறிவுரையும் இருந்தது. ஆனாலும் மலையேறிகள் உச்சிவரை சென்றனர். அந்த வெடிப்பில் 24 பேர் மாண்டனர்.

போகும் முன்

• 'மாக்மா இந்தோனேசியா' இணையத்தளத்தில் எச்சரிக்கை நிலையையும் விலகியிருக்க வேண்டிய தூரத்தையும் பெற்றோருடன் சேர்ந்து பாருங்கள்.
• காற்று உங்களிடமிருந்து எரிமலை வாயை நோக்கி வீசும் பக்கத்தில் நில்லுங்கள்.
• குழிகளில் இறங்காதீர்கள், வேலியைத் தாண்டாதீர்கள்.
• கண் எரிந்தாலோ இருமல் வந்தாலோ உடனே கீழே இறங்குங்கள்.

விலகியிருக்க வேண்டிய தூரத்துக்குள் படிக்கட்டு இருந்தால், அன்று ஏற வேண்டாம். கல்டேராவின் எதிர் விளிம்பில் நின்றாலே புரோமோ, பாத்தோக், பின்னால் செமேரு மூன்றையும் ஒருசேரக் காணலாம்.