நான்கு கோவா அளவில் ஒரு மாட்டுப் பண்ணை

ஆஸ்திரேலியர்கள் பெரிய மாட்டுப் பண்ணையை 'ஸ்டேஷன்' என்பார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் இருக்கும் அன்னா கிரீக் ஸ்டேஷனின் பரப்பு சுமார் 15,700 சதுர கி.மீ. நான்கு கோவாக்களை உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். பீக் என்ற துணைப் பண்ணையையும் சேர்த்தால் இஸ்ரேலைவிடப் பெரியது.

பரப்பைக் கேட்டு மலைப்பவர்கள் மாடுகளின் எண்ணிக்கையைக் கேட்டால் ஏமாந்துபோவார்கள். நல்ல காலத்திலேயே சதுர கி.மீ.க்கு ஒரு மாடு தேறினால் அதிகம். காரணம், மழை ஆண்டுக்கு 200 மி.மீ.கூட இல்லை. மாடுகள் குடிக்க ஆழ்துளைக் கிணறுகள் உண்டு. புல்லுக்கு வானத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் ஆடு வளர்த்தார்கள். டிங்கோ என்ற காட்டு நாய்கள் விட்டுவைக்காததால் மாட்டுக்கு மாறினார்கள். 2008 வறட்சியில் மந்தை 2,000க்கும் கீழே குறைந்தது.

'மாட்டு அரசர்' சிட்னி கிட்மனின் கம்பெனியிடம் பல பத்தாண்டுகள் இருந்த பண்ணை இது. கம்பெனி விற்பனைக்கு வந்தபோது, 2015இல் வெளிநாட்டவருக்கு விற்க அரசு மறுத்தது. பண்ணையின் ஒரு பகுதி வூமரா ஆயுதச் சோதனைத் தளத்துக்குள் வருகிறதே! மறு ஆண்டு ஆஸ்திரேலியக் குடும்ப நிறுவனம் ஒன்று பண்ணையை வாங்கியது.

மாட்டைத் தவிர இந்தப் பகுதியில் சுற்றுலாவும் உண்டு. பண்ணை சூழ்ந்த வில்லியம் கிரீக் ஊரின் மக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் ஒரு பழைய விடுதியும் விமான ஓடுதளமும் இருக்கின்றன. ஊட்நடாட்டா மண்சாலையில் வருபவர்களும், ஏர் ஏரியை வானிலிருந்து பார்க்க வருபவர்களும் தங்குவது இங்கேதான். கடல்மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கும் இந்த உப்பு ஏரி பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். குவீன்ஸ்லாந்தில் கொட்டும் மழை நூற்றுக்கணக்கான கி.மீ. ஓடிவந்து நிரப்பினால் கூழைக்கடாக்கள் வரும். பின்னாலேயே விமானங்கள் வரும்.

அதிலும் ஒரு வரம்பு உண்டு. 'காட்டி தாண்டா' என்று அரபானா பழங்குடியினர் அழைக்கும் இந்த ஏரி அவர்களுக்குப் புனிதமானது. அவர்களின் நில உரிமையை நீதிமன்றம் 2012இல் ஏற்றது. ஏரிக்குள் யாரும் இறங்கக் கூடாது என்பது அவர்களின் வேண்டுகோள்.

பண்ணை நிலமே அரசின் குத்தகை நிலம்தான். எத்தனை மாடு மேயலாம் என்பதற்கும் உச்சவரம்பு உண்டு. ஆக, பரப்பைப் பார்த்துக் கணக்குப் போட முடியாது. மழை பொய்த்தால் புல்லும் இல்லை, ஏரியும் இல்லை. கொட்டித் தீர்த்தாலோ மண்சாலையை மூடிவிடுவார்கள். விருந்தாளிகள் விமானத்தில்தான் வர வேண்டும்.