டிவியில் சத்தம் வருது, படம் வரலையா? தூக்கிப் போடும் முன் இந்த டார்ச் டெஸ்ட் பண்ணிப் பாருங்க!

சீரியல் ஓடிட்டு இருக்கும்போதே டிவி திடீர்னு இருட்டாகிவிடும். சத்தம் மட்டும் கேட்கும். மெக்கானிக் வந்து நாலு பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு, "பேனல் போச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்பார். எங்க வீட்டில் அப்படிச் சொன்னதைக் கேட்டு, நாலு வருஷ டிவியைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டோம். சத்தம் நன்றாக வந்துகொண்டிருந்த டிவி அது. உண்மையிலேயே பேனல்தான் போயிருந்ததா என்று யாரும் பார்க்கவே இல்லை.

அதைப் பார்க்க போனில் இருக்கும் டார்ச்சே போதும்.

பேனலா, பேக்லைட்டா?

கடையில் எல்இடி டிவி என்று விற்பது அடிப்படையில் எல்சிடி டிவிதான். படத்தைக் காட்டும் எல்சிடி பேனல் தானாக ஒளிராது. அதற்குப் பின்னால் இருக்கும் எல்இடி பட்டைகள்தான் வெளிச்சம் தருகின்றன. இதுதான் பேக்லைட். கோயில் திருவிழா சீரியல் செட் மாதிரி இந்த எல்இடிகள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும். பல மாடல்களில் ஒன்று போனாலே மொத்தமும் அணைந்துவிடும்.

அறையை இருட்டாக்குங்க. டிவியை ஆன் செய்து ஏதாவது சேனலை ஓடவிடுங்க. டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் சாய்வாகப் பிடித்துப் பாருங்க. மங்கலாகப் படம் அசைவது தெரிந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, வெளிச்சம்தான் போயிருக்கிறது என்று அர்த்தம். 32 இன்ச் டிவிக்கு எல்இடி பட்டைகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதற்கு மேல் கூலிதான். தாராளமாக ரிப்பேர் செய்யலாம்.

டார்ச்சில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் உடனே பேனல் மீது பழி போட வேண்டாம். போர்டுகளில் ஏதாவது ஒன்று போயிருந்தாலும் அப்படி ஆகும்.

பேனல் நிஜமாகவே போனால்...

அதற்கு டெஸ்ட் எல்லாம் தேவையில்லை, பார்த்தாலே தெரியும். மை கொட்டியது போல் கறுப்புத் திட்டு, சிலந்தி வலை மாதிரி விரிசல். பெரும்பாலும் பந்து பட்டிருக்கும், இல்லையென்றால் வீடு மாறும்போது அடி வாங்கியிருக்கும். டிவியிலேயே விலை அதிகமான பாகம் பேனல்தான். அதை மாற்றும் செலவில் கிட்டத்தட்ட புது டிவியே வாங்கிவிடலாம். இப்படி உடைந்ததற்கு வழக்கமான வாரண்டியும் கைகொடுக்காது.

கோடு விழுந்தால்?

முதலில் ரிமோட்டில் டிவியின் மெனுவைத் திறங்க. மெனுவில் கோடு இல்லை என்றால் பிரச்சினை டிவியில் இல்லை, செட்டாப் பாக்ஸ் அல்லது எச்டிஎம்ஐ கேபிளில் இருக்கிறது. மெனு மேலேயும் செங்குத்துக் கோடு ஓடினால், பேனல் ஓரத்தில் இருக்கும் மெல்லிய ஃபிலிம் இணைப்பு விட்டிருக்க வாய்ப்பு அதிகம். இதை பாண்டிங் மெஷின் வைத்து ஒட்டித் தருவார்கள். ஆனால் சில மாதத்தில் கோடு திரும்ப வரலாம். அதனால் சின்ன டிவிக்கு இந்தச் செலவு வேண்டாம். பெரிய டிவி என்றால், எத்தனை மாதம் கேரண்டி என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டு முயற்சி பண்ணலாம்.

டிவி ஆனே ஆகலையா?

சிவப்பு லைட் மட்டும் சிமிட்டுது, 'டிக் டிக்'னு சத்தம் வருது என்றால் முதல் சந்தேகம் பவர் போர்டு மேல்தான். அதில் இருக்கும் கெப்பாசிட்டரின் தலை உப்பியிருப்பது ரொம்பப் பழைய நோய். பாகத்தின் விலை டீ, வடை செலவுதான். அதற்காக நீங்களே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

இடி இறங்கிப் போன டிவி என்றால் கொஞ்சம் யோசிக்கணும். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று போர்டு போயிருக்கலாம். ஒன்றை மாற்றிய பிறகு "இன்னொன்னும் போயிருக்கு" என்பார்கள். எல்லாவற்றையும் பார்த்து மொத்தச் செலவைச் சொன்ன பிறகே சம்மதிங்க.

கணக்கு எப்படிப் போடுவது?

ரிப்பேர் செலவு, அதே சைஸ் புது டிவி விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம். 10,000 ரூபாய் டிவிக்கு 2,000 செலவு பண்ணலாம், 6,000 பண்ணக் கூடாது. 45,000 ரூபாய் டிவிக்கு அதே 6,000 பெரிய விஷயமில்லை. 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. அதனால் பழைய பில்லில் இருக்கும் விலையோடு ஒப்பிடாதீங்க, இன்றைய விலையைப் பாருங்க.

ஆப் ஓடலை, ஸ்லோவா இருக்கு என்பதெல்லாம் ரிப்பேரே இல்லை. ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கிச் செருகினால் போதும்.

கம்ப்யூட்டர் மானிட்டருக்கும் இதே விதிகள்தான். வெளியே தனி அடாப்டர் இருக்கும் மாடல் என்றால் முதலில் அதை மாற்றிப் பாருங்க. பல நேரம் அதோடு வேலை முடிந்துவிடும்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியது

பேக்லைட்டை மாற்ற, கண்ணாடி மாதிரி மெல்லிய பேனலைத் தனியாகத் தூக்கி வைக்க வேண்டும். அப்போது கை தவறி உடைந்தால் யார் பொறுப்பு? இதை முன்பே கேட்டுவிடுங்க. பதில் மழுப்பலாக வந்தால் வேறு கடை பாருங்க. மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கோங்க. கம்பெனி சர்வீஸில் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

கடைசியில் தூக்கிப் போடுவதுதான் முடிவு என்றால் குப்பைத் தொட்டி வேண்டாம், இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்க. எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி டிவிகளில் வெளிச்சத்துக்கு மெல்லிய டியூப் லைட்தான் இருக்கும். அதற்குள் பாதரசம் உண்டு. குழந்தைகள் உடைத்து விளையாட விடாதீங்க.