மூலம்தான் என்று முடிவு கட்டும் முன்

2023 நவம்பரில் தமிழக அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஒன்றை முன்னோட்டமாக 4 மாவட்டங்களில் தொடங்கியது. ஈரோடு, கன்னியாகுமரி, திருப்பத்தூர், பிறகு நம் ராணிப்பேட்டை. காவேரிப்பாக்கம் ஏரிக்கரைத் தெருக்களில் இருப்பவர்களும் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்களும் அந்த வகையில் முதல் வரிசையில் வந்துவிட்டார்கள். ஆனால் அந்தத் திட்டத்தில் பார்ப்பது வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றை மட்டும்தான். பெருங்குடல் அதில் இல்லை.

இதை அரசின் குறையாகச் சொல்லவில்லை. இந்தியாவில் பெருங்குடல் புற்றுநோய் மேலை நாடுகளை விட மிகவும் குறைவு. எல்லோருக்கும் குழாய் விட்டுப் பார்ப்பது கட்டுப்படியாகிற காரியமும் இல்லை. ஆனால் இதன் பொருள் என்னவென்றால், 30 வயதுக்காரர் ஒருவருக்குக் குடலில் கட்டி வளர்ந்தால் அதைத் தேடி யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். உடம்பு காட்டும் அடையாளத்தை அவரேதான் கவனிக்க வேண்டும்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் கடைசி 15 சென்டிமீட்டர்தான் மலக்குடல். உள்சுவரில் முதலில் பாலிப் என்கிற சிறு சதை முளைக்கும். பெரும்பாலான பாலிப்கள் கெடுதல் செய்யாமல் கிடக்கும். சில மட்டும் மெல்ல மெல்லப் புற்றாக மாறும். வழக்கமாக அதற்குப் 10 ஆண்டு போல ஆகிறது. இந்த நோயில் நமக்குக் கிடைக்கும் பெரிய சலுகை இந்த அவகாசம்தான்.

வயதானவர்கள் நோய் என்றுதான் இதைச் சொல்லி வந்தார்கள். அமெரிக்காவில் 1950 வாக்கில் பிறந்தவர்களோடு ஒப்பிட்டால், 1990 வாக்கில் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று வரும் வாய்ப்பு இரு மடங்கு, மலக்குடல் புற்று வரும் வாய்ப்பு நான்கு மடங்கு என்று 2017-இல் கணக்கிட்டார்கள். அதன் பிறகு அங்கே பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45-ஆகக் குறைத்தார்கள். ‘பிளாக் பாந்தர்’ நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-இல் 43 வயதில் இறந்தது இந்த நோயால்தான். இங்கே மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 800 நோயாளிகளின் சராசரி வயது 47. நம் நாட்டில் இளைஞர்கள் அதிகம் என்பதால் சராசரி இறங்கத்தான் செய்யும். எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் ‘இந்த வயசுல அதெல்லாம் வராது’ என்று சொல்வதற்கும் இடமில்லை.

மலத்தோடு ரத்தம் போனால் நம் பக்கத்தில் யாரும் டாக்டரிடம் போவதில்லை. ‘சூடு’ என்பார்கள். மோர் குடி, வெந்தயம் சாப்பிடு, கோழிக்கறியை நிறுத்து என்பார்கள். அடுத்த கட்டத்தில் மூலம். மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம் என்று எழுதிய போர்டு இல்லாத பஸ் ஸ்டாண்டு தமிழ்நாட்டில் உண்டா? வெட்கப்படுகிற நோய் என்பதால் மருந்துக்கடைக் கவுண்டரில் குரலைத் தாழ்த்திக் களிம்பு கேட்டு வாங்குவதோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது.

பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கும் என்பதுதான் இதில் சிக்கல். களிம்பு போட்டவுடன் ரத்தம் நிற்கும். மூலமும் விட்டு விட்டுத்தான் கசியும், கட்டியும் விட்டு விட்டுத்தான் கசியும். நின்றதால் மூலம் என்று நிரூபணம் ஆகிவிடாது. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து இருக்கலாம். மூலம் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு மேலே இருக்கும் கட்டி தெரியவில்லை. ஆகவே மூலம் என்று யார் சொன்னாலும், பார்த்துச் சொன்னாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, கையுறை போட்ட விரலால் மலவாயின் உள்ளே தடவிப் பார்ப்பார்கள். ஒரு நிமிட வேலை. மலக்குடல் கட்டிகளில் கணிசமானவை விரலுக்கு எட்டும். கேள்வி மட்டும் கேட்டுவிட்டு மாத்திரை எழுதினால், ‘சார், ஒரு தடவை செக் பண்ணிப் பாத்துடுங்க’ என்று நாமே சொல்வதில் தப்பில்லை.

ரத்தம் கண்ணில் படாமலும் போகலாம். குடலின் வலது பக்கத்துக் கட்டி சொட்டுச் சொட்டாகக் கசியும். மலத்தில் கலந்து தெரியாமல் போய்விடும். வெளியே தெரிவது சோர்வு, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது. பரிசோதித்தால் ‘ரத்தம் கம்மி’. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு என்றால் மாதவிடாயின் மேல் பழி போட்டு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பல சமயம் காரணம் அதுவேதான். ஆனால் மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தம், ஆணுக்கு வருகிற ரத்தக்குறைவு, இவை இரண்டுக்கும் குடலைப் பார்க்காமல் விடக் கூடாது. 50 வயதுக்குக் கீழ் இந்நோய் வந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2023-இல் வந்த அமெரிக்க ஆய்வு நான்கு அடையாளங்களைச் சொன்னது: மலவாயில் ரத்தம், ஓயாத வயிற்று வலி, நிற்காத பேதி, இரும்புச் சத்துக் குறைவால் வரும் சோகை. நோய் தெரிவதற்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு முன்பே இவை தலைகாட்டியிருந்தன.

முடிவாகச் சொல்வது குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிதான். பரிசோதனையை விட முந்தின நாள்தான் பாடு. பவுடரைத் தண்ணீரில் கரைத்து, லிட்டர் கணக்கில் குடித்து, கழிவது மஞ்சள் தண்ணீராகத் தெளியும் வரை பாத்ரூமுக்கும் கட்டிலுக்கும் நடக்க வேண்டும். சிவப்பு நிறப் பானம் எதுவும் கூடாது; உள்ளே ரத்தம் போலத் தெரியும். மறுநாள் மயக்க ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள். பாலிப் இருந்தால் கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே எடுத்துவிடுவார்கள். காவேரிப்பாக்கத்திலிருந்து மேற்கே வேலூர் சி.எம்.சி., கிழக்கே காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரிலான அரசுப் புற்றுநோய் மருத்துவமனை; நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் வைத்தியத்துக்கு இடம் உண்டு. கட்டி குடலோடு நிற்கும்போது பிடித்தால் 10 பேரில் 9 பேர் 5 ஆண்டுக்கு மேல் வாழ்கிறார்கள் என்பது அமெரிக்கக் கணக்கு. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிய பிறகு அது 10-இல் இரண்டு பேர் கூட இல்லை.

நம் ஊரில் அடுத்த கேள்வி உடனே வரும்: டேனரித் தண்ணீர்தானே காரணம்? ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேடு நிலத்தடி நீரைக் கெடுத்தது உண்மை. அதில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் மூச்சோடு போனால் நுரையீரல் புற்று வரும் என்பது நிரூபணமானது. 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் குடிநீரில் கலந்து கொடுத்தபோது பெரிய எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டி வந்தது. பெருங்குடலில் வரவில்லை. குரோமியத்தின் மேல் நமக்குள்ள கோபம் நியாயமானது. ஆனால் மலத்தில் ரத்தம் போகிற பையன் அந்தக் கோபத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

உலகம் முழுக்க இளைஞர்களிடம் ஏன் கூடுகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. உடல் பருமன், உட்கார்ந்தே கழியும் நாள், பதப்படுத்திய இறைச்சி, மது எல்லாம் பட்டியலில் உண்டு. (ஆம்பூர் பிரியாணி பதப்படுத்திய இறைச்சி இல்லை, தினமும் சாப்பிட்டால் வேறு கதை.) 2025-இல் 11 நாடுகளின் 981 கட்டிகளை ஆராய்ந்தவர்கள், சில குடல் பாக்டீரியாக்கள் சுரக்கும் கோலிபாக்டின் என்ற நஞ்சின் தழும்பு 40 வயதுக்குள் நோய் வந்தவர்களின் மரபணுவில், 70 தாண்டியவர்களை விட 3 மடங்குக்கும் மேல் அதிகம் என்று கண்டார்கள். அந்தத் தழும்பு விழுவது பெரும்பாலும் 10 வயதுக்குள்ளேயே. இளம் நோயாளியிடம் ‘என்ன சாப்பிட்டே?’ என்று குற்றவாளியை விசாரிப்பதுபோல் கேட்கிற சொந்தக்காரர்கள் இதைப் படிக்கலாம்.

குடும்பத்தில் ஓடும் வகைகளும் உண்டு. லிஞ்ச் நோய்க்குறி பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதே குடும்பத்துப் பெண்களுக்குக் கருப்பைப் புற்றும் வரலாம். ஆகவே டாக்டர் கேட்கும்போது அத்தைக்கு வந்த கருப்பைப் புற்றையும் சொல்ல வேண்டும். இன்னொரு வகையில் தாய், தந்தை இருவரும் நோயில்லாமல் ஆளுக்கொரு பழுதான மரபணுவைச் சுமப்பார்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்த பிள்ளைக்குத்தான் பாலிப்கள் கூட்டமாக முளைக்கும். மாமன் மகள், அக்காள் மகள் என்று கட்டிக்கொள்ளும் நம் வீடுகளில் இதற்கு வாய்ப்பு கூடுதல். வீட்டில் ஒருவருக்கு 38 வயதில் பெருங்குடல் புற்று வந்தால், உடன்பிறந்தவர்கள் அதற்குப் 10 ஆண்டு முன்பே, அதாவது 28 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என்பது பொது விதி. லிஞ்ச் உறுதியானால் 20 முதல் 25 வயதுக்குள் தொடங்கி, ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை.